முற்றத்து உயிர்களும் முதல் விரதமும்

(சாதுர்மாஸ்ய காலத்தில் எங்கள் ஊர் ஜினாலயத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தர்ம பந்துக்களே! இது சாதுர்மாஸ்ய காலம். ஊர்தோறும் கால்நடையாகவே சென்று அறம் உரைக்கும் நம் முனிவர்கள் இந்த நான்கு திங்களும் ஓரிடத்திலேயே தங்கிவிடுகின்றனர். நம் தொண்டை நாட்டில் பெருமழை ஐப்பசியில்தான் பெய்கிறது எனினும், ஆடி பிறந்ததுமே மண் நனையத் தொடங்கிவிடுகிறது. மண் நனைந்தால் என்ன நிகழும் என்பதை அறிய நூல்களைப் புரட்ட வேண்டா. கொல்லைப்புறம் சென்று பார்த்தாலே போதும். நேற்று வரை வெறுந்தரையாகக் கிடந்த இடத்தில் கீழாநெல்லியும் குப்பைமேனியும் தலை நீட்டியிருக்கும். மண்புழு மேலே வரும். நத்தை சுவரில் ஏறும். மரவட்டை வரிசை வரிசையாக ஊரும். செம்பட்டுத் துணியை நறுக்கி ஒட்டியது போன்ற இந்திரகோபப் பூச்சி புல்லிடையே நடக்கும். அந்தியில் விளக்கேற்றினால் ஈசல் மொய்க்கும். இவ்வாறு அடிவைக்க இடமின்றி உயிர்கள் பெருகும் காலத்தில் நடந்தால் எத்தனை உயிர்கள் மாயும் என்று அஞ்சியே முனிவர்கள் தம் நடையை நிறுத்திக்கொள்கின்றனர்.

இதில் நாம் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. அவர்கள் அஞ்சுவது, வழியில் என்னென்ன உயிர்கள் உள்ளன என்பதை அறிந்திருப்பதனால். அறியாதவனுக்கு அச்சம் ஏது? அவன் காலடியில் மாய்வது அவன் கணக்கில் வெறும் மண்தான்.

முனிவர்க்குரிய ஐந்து சமிதிகளுள் முதலாவது ஈரியா சமிதி. நடக்கும்போது ஒரு நுகத்தடி நீளம், அதாவது நான்கு முழ தூரம், முன்னே நோக்கி நடத்தல். நான்காவது ஆதான நிக்ஷேபண சமிதி. கமண்டலத்தையோ சாத்திரத்தையோ எடுக்கும்போதும் வைக்கும்போதும் நன்கு பார்த்து, மயிற்பீலியால் மெல்ல ஒதுக்கிய பின்னரே எடுத்தலும் வைத்தலும். இரண்டுமே கண்ணுக்கு இட்ட பயிற்சிகள். கொல்லாமை என்பது கையை அடக்குவது என்றே நாம் எண்ணியிருக்கிறோம். நம் ஆசாரியர்களோ அதைக் கண்ணிலிருந்து தொடங்கினார்கள்.

இனி நம் நிலைக்கு வருவோம். பிரதிக்கிரமணம் செய்யும்போது ஓரறிவுயிர் முதலாக ஐயறிவுயிர் ஈறாக அனைத்திடமும் பொறுத்தருள வேண்டுகிறோம். மிச்சாமி துக்கடம் என்று கைகூப்புகிறோம். அவ்வளவும் நன்று. ஆனால் யாரிடம் மன்னிப்பு வேண்டுகிறோம் என்று என்னை ஒரு நாள் என் பேத்தி கேட்டுவிட்டாள். 'தாத்தா, இரண்டறிவுயிர் என்று சொன்னீர்களே, நம் வீட்டில் அது எங்கே இருக்கிறது?' என்றாள். நான் ஐம்பது ஆண்டுகளாக அதைச் சொல்லி வருகிறேன். சட்டென்று ஒன்றையும் காட்ட இயலவில்லை. குளியலறைத் தொட்டிக்குக் கீழே மண்புழு நெளிந்துகொண்டிருந்தது. அவளே கண்டுபிடித்துக் காட்டினாள்.

என் பிழை ஒன்றையும் இச்சபையில் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் மகாவீரர் ஜெயந்தி ஏற்பாடுகளை மேற்பார்க்கும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. ஆலயத்தின் தெற்கே கிணற்றை ஒட்டிய கரட்டு நிலத்தில் பந்தல் போடுவதென்று முடிவு செய்து, மண் கொட்டிச் சமன் செய்ய ஆட்களை வைத்தேன். காலை முதலே ஓர் ஆள்காட்டிக் குருவி எங்கள் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தது. தாழ்ந்து வரும், மேலே எழும், சற்றுத் தள்ளி இறங்கி ஓடும், மீண்டும் பறந்து வந்து கத்தும். 'நல்ல நாளும் அதுவுமாக இது என்ன அபசகுனம்' என்று ஒருவர் சலித்துக்கொண்டார். சிறுவன் ஒருவன் மண்ணாங்கட்டியை எடுத்து வீசினான்; நான் அவனைத் தடுக்கவில்லை. கூடை சுமந்த முதியவள் ஒருத்தி மட்டும் நின்று, 'நயினாரே, அது முட்டை வச்சிருக்கும் போலத் தெரியுது, கொஞ்சம் பார்த்துக் கொட்டச் சொல்லுங்க' என்றாள். நேரமாகிறது என்னும் அவசரத்தில் அச்சொல் என் செவியில் விழுந்தும் விழாததாயிற்று.

மாலையில் சென்று பார்த்தபோதுதான் தெரிந்தது. அப்பறவை மரத்தில் கூடு கட்டுவதில்லை. சரளைக்கல் தரையில் சிறு பள்ளம் பறித்து, அதில் நான்கு முட்டை இடுகிறது. மண் நிறத்தில் கரும்புள்ளிகளோடு கூடிய முட்டைகள். கூழாங்கல்லுக்கும் அவற்றுக்கும் வேறுபாடு காணல் அரிது. கொட்டிய மண்ணின் விளிம்பில் ஒன்று உடைந்து கிடந்தது. மற்றவை உள்ளே. 'வாழு, வாழ விடு' என்று பலகையில் எழுதிக் கட்டிய பந்தல் அதன்மேல்தான் நின்றது. அன்று நான் பேச வேண்டிய பொருள் அகிம்சை. பேசினேன்; என்ன பேசினேன் என்பது இன்று நினைவில் இல்லை.

அது சங்கற்ப இம்சை அன்று, தெரியாமல் நேர்ந்ததே என்று பெரியவர்கள் ஆறுதல் கூறினர். உண்மைதான். ஆனால் அந்தக் கூலிப் பெண்மணிக்குத் தெரிந்தது எனக்கு ஏன் தெரியவில்லை? சமந்தபத்திர சுவாமிகளின் இரத்தின கரண்டகமும், அதனைத் தமிழில் தந்த அருங்கலச்செப்பும் இல்லறத்தார்க்குரிய குணவிரதங்களுள் அநர்த்த தண்ட விரதத்தை விரித்துப் பேசுகின்றன. பயனின்றி நிலத்தைத் தோண்டுதல், நீரைச் சிதற விடுதல், தீயை மூட்டுதல், தழையைக் கிள்ளுதல் ஆகியவற்றைப் பிரமாத சரியை என்று விலக்குகின்றன. பிரமாதம் என்றால் கவனமின்மை. கவனமின்மையே குற்றம் என்று ஆசாரியர் எழுதி வைத்திருக்கும்போது, 'தெரியாது' என்னும் சொல்லுக்குள் நாம் எவ்வளவு காலம் ஒளிந்துகொள்வது?

உயிர்களை வகைப்படுத்தி அறிந்த மரபு நம்முடையது. தத்துவார்த்த சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயம் புழு, எறும்பு, வண்டு, மனிதன் என நான்கை எடுத்துக்காட்டி, ஒன்றனைவிட மற்றொன்றுக்கு ஒரு பொறி மிகுதி என்று உரைக்கிறது. தொல்காப்பிய மரபியலும் புல்லும் மரமும் ஓரறிவு, நத்தை போல்வன இரண்டறிவு, கறையானும் எறும்பும் மூவறிவு, நண்டும் தும்பியும் நான்கறிவு என்று நம் ஆகமத்துக்கு மிக அணுக்கமாகவே வகுக்கிறது. இவற்றை எழுதியவர்கள் வானத்தைப் பார்த்து எழுதவில்லை. நீங்களும் நானும் தினந்தோறும் தாண்டிச் செல்லும் புழுவையும் எறும்பையும் குனிந்து பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

இவ்விடத்தில் நம் பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்றைத் தவிர்த்துச் செல்ல எனக்கு விருப்பமில்லை. 'எறும்புக்கு மூன்று அறிவு, கண் இல்லை என்கிறீர்கள். எங்கள் பள்ளியில் பூதக்கண்ணாடியில் பார்த்தோம், எறும்புக்குக் கண் இருக்கிறதே' என்று ஒரு மாணவன் கேட்டான். ஆம், பெரும்பாலான எறும்புகளுக்குக் கூட்டுக் கண்கள் உண்டு என்பதை இன்றைய உயிரியல் காட்டுகிறது. கறையானிலோ வேலை செய்யும் வகுப்புக்குப் பெரும்பாலும் கண் இல்லை. அதுவே சிறகு முளைத்து ஈசலாகப் புறப்படுவதற்குக் கண் உண்டு, ஆகவேதான் விளக்கைத் தேடி வருகிறது. இதனைக் கேட்டு நாம் கலங்கவோ அந்தச் சிறுவனை அதட்டவோ வேண்டியதில்லை. அறிவு குறைந்தது என்று ஓர் உயிரை இழிவாக எண்ணுவதற்காக அந்தப் படிவரிசை சொல்லப்படவில்லை. எந்த உயிர் எவற்றால் துன்பத்தை உணர்கிறது என்று எண்ணிப் பார்ப்பதற்காகவே சொல்லப்பட்டது. நாம் எண்ணியதைவிட எறும்பு மிகுதியாக உணர்கிறது என்றால், அதனை மிதித்ததில் நம் பொறுப்பும் மிகும். அவ்வளவே. அந்த மாணவன் உற்றுப் பார்த்தான் அல்லவா, அதுதான் எனக்கு மகிழ்ச்சி.

ஈசலைச் சொன்னதும் இரவுண்ணாமை நினைவுக்கு வருகிறது. விளக்கொளியில் உண்டால் சிற்றுயிர்கள் கலத்தில் விழும் என்பதே அந்த நோன்புக்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று. பலர் வீடுகளில் அந்த நோன்பு இன்றும் வழுவாமல் நடக்கிறது. ஆனால் அதே வீட்டு வாசலில் மழை நாளிலும் விடிய விடிய மின்விளக்கு எரிகிறது. காலையில் படியெங்கும் சிறகுக் குவியல். ஓரிரவு அக்குவியலைக் கூட்டித் தள்ளுவதற்கு முன் எண்ணிப் பார்த்தவர், மறுநாள் விளக்கை அணைத்துவிட்டுத்தான் படுப்பார்.

தாவரங்களுக்கு வருவோம். நாம் வணங்கும் பெருமான் பிண்டி மரத்தின் நிழலில் வீற்றிருப்பவன். எண்வகைப் பிராதிஹாரியங்களுள் அசோகமும் ஒன்று. முக்குடையையும் பிண்டியையும் பாடாத நம் புலவர் இல்லை. சரி, அந்த மரத்தை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? 'பார்த்திருக்கிறேனே, பள்ளிக்கூடத்து மதிலோரம் வரிசையாக உயரமாக நிற்கிறதே' என்பீர்கள். அது நெட்டிலிங்கம். தூண் போல் நெட்டென்று வளர்ந்து, நெளிந்த விளிம்புள்ள இலைகளைத் தொங்கவிட்டு, பச்சை நிறத்தில் கண்ணுக்குப் புலப்படாத பூக்களைப் பூப்பது. பெயர் மாறாட்டத்தால் அதனையே அசோகமரம் என்று நாட்டார் வழங்குகின்றனர்; நாற்றங்காலிலும் அப்பெயரிலேயே விற்கின்றனர். உண்மையான அசோகம் வேறு. நடுத்தர உயரம்; அடர்ந்த நிழல்; தளிர்கள் செம்பு நிறத்தில் துவண்டு தொங்கும்; பூக்கள் முதலில் பொன்னிறமாக மலர்ந்து நாள் ஆக ஆகச் செந்நிறம் கொண்டு கொத்துக் கொத்தாகக் கிளையிலேயே ஒட்டிப் பூக்கும். பட்டைக்காக வெட்டப்பட்டுக் காடுகளில் அது அருகி வருகிறது. நம் ஆலயம் ஒன்றில் 'பகவானின் மரம்' என்று சொல்லிப் பக்தியுடன் நெட்டிலிங்கக் கன்று நட்டு விழா எடுத்ததை நான் கண்டிருக்கிறேன். நெட்டிலிங்கமும் ஓர் உயிர்தான், அதன் பழத்தைக் குயிலும் வௌவாலும் உண்ணும், நட்டது வீணன்று. இருப்பினும் நாள்தோறும் பாடும் மரத்தின் முகம் தெரியாமல் பாடுகிறோம் என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

முன்னோர் அப்படி இருக்கவில்லை. புதுக்கோட்டைச் சித்தன்னவாசலில் அறிவர் கோயில் என்னும் குடைவரையின் விதானத்தை அண்ணாந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒன்பதாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தில் இளங்கௌதமன் என்னும் மதுரை ஆசிரியர் அக்கோயிலைப் புதுப்பித்த செய்தியை அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. விதானத்தில் ஒரு தாமரைக் குளம். சமவசரணத்து நீர்நிலையைக் குறிப்பது அது என்பர். தேவருலகக் குளமாயினும் ஓவியன் அதில் நிரப்பியவை நம்மூர் ஏரியில் உள்ளவைதாம். மீன்கள் நீந்துகின்றன; பறவைகள் தாமரையிடையே அமர்ந்துள்ளன; எருமைகள் நீரில் இறங்கி நிற்கின்றன; யானைகள் விளையாடுகின்றன; பவ்விய ஜீவன்கள் பூக்கொய்கின்றனர். மொட்டு, பாதி விரிந்தது, முழுதும் விரிந்தது, தலை சாய்ந்தது என்று தாமரையின் ஒவ்வொரு நிலையும் தனித்தனியே தீட்டப்பட்டுள்ளது. குளக்கரையில் பல நாள் அமர்ந்து பார்க்காத ஒருவனால் இதனை வரைய முடியாது. சுற்றுலா செல்லும் நம் இளைஞர்கள் அதன் கீழே நின்று தம்மைப் படம் எடுத்துக்கொண்டு ஐந்து நிமிடத்தில் வெளியேறுகிறார்கள். வெப்பம் மிகுந்த பாறை அது, நானும் ஒப்புக்கொள்கிறேன்.

பார்த்ததை எழுதி வைப்பதால் என்ன பயன் என்று கேட்பவர்க்கு ஒரு வரலாறு சொல்வேன். திகம்பர மரபில் உமாசுவாமிகளுக்குக் கிருத்ரபிஞ்சர் என்னும் பெயரும் உண்டு. கிருத்ரம் என்பது பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகு. மயிற்பீலிக்கு மாற்றாக அதன் இறகாலாகிய பீலியைத் தாங்கியவர் என்பது அப்பெயரின் காரணமாகக் கூறப்படுகிறது. அந்தப் பறவை என் சிறுவயதில் மாடு செத்த இடத்திலெல்லாம் கூட்டமாக இறங்கும். எங்கும் உள்ளது என்பதனாலேயே அதனை யாரும் எண்ணவில்லை. ஆனால் இராசத்தான் மாநிலத்துப் பரத்பூர் பறவைகள் காப்பிடத்தில் சிலர் 1980களிலேயே அவற்றின் எண்ணிக்கையைக் குறித்து வைத்திருந்தனர். 1990களின் பிற்பகுதியில் மீண்டும் எண்ணியபோதுதான், அவை விரைந்து மறைந்துகொண்டிருப்பது உலகுக்குத் தெரிந்தது. மாட்டுக்கு வலி தீர்க்கக் கொடுக்கும் டைக்ளோபினாக் என்னும் மருந்து, அம்மாட்டின் உடலை உண்ணும் பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொல்கிறது என்று 2004இல் கண்டறிந்தனர். 2006இல் கால்நடைகளுக்கு அம்மருந்து இந்தியாவில் தடை செய்யப்பட்டது. அதற்குள் வெண்முதுகுப் பாறு என்னும் இனத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் அழிந்துபோயிருந்தது. தமிழகத்தில் இன்று மோயாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டியே அவை எஞ்சி வாழ்கின்றன. மாட்டின்மேல் இரக்கம் கொண்டு ஊசி போட்டவன் பாறைக் கொல்ல நினைக்கவில்லை. பழைய குறிப்பேடுகள் சில இல்லாதிருந்தால், இவ்வளவு விரைவாக இந்தக் காரணத்தைத் தேடியிருக்கவே மாட்டார்கள்.

இன்னும் அணுக்கமான ஒன்று. மதுரை மேலூரை அடுத்த அரிட்டாபட்டியை நம்மில் பலர் தரிசித்திருப்பீர்கள். நம் முன்னோர் தவம் செய்த கற்படுக்கைகள், தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பம் ஆகியவை அக்குன்றில் உள்ளன. குடைவரைச் சிவாலயமும் உண்டு. அவ்வூராரும் பறவை ஆர்வலர்களும் அங்குள்ள உயிர்களை ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பட்டியலிட்டனர். சுமார் 250 வகைப் பறவைகள். அவற்றுள் லகுடு வல்லூறு போன்ற அரிய வேட்டைப் பறவைகள். தேவாங்கு, எறும்புதின்னி, மலைப்பாம்பு. 2022 நவம்பரில் தமிழக அரசு அப்பகுதியில் 193 எக்டேருக்குச் சற்று மேற்பட்ட நிலத்தைப் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தது. தமிழகத்தில் அவ்வாறு அறிவிக்கப்பட்ட முதல் தலம் அதுவே. 2024 நவம்பரில் அதனை உள்ளடக்கிய பகுதி டங்ஸ்டன் கனிமச் சுரங்கத்துக்கென ஏலம் போயிற்று. மக்கள் திரண்டு எதிர்த்தனர். 2025 சனவரியில் நடுவண் அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. மக்களின் உறுதியே முதற்காரணம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் 'இங்கே என்ன இருக்கிறது, வெறும் பாறைதானே' என்று எவரும் சொல்ல இயலாதபடி அந்தப் பட்டியல் முன்னே நின்றது. தவமுனிவரின் படுக்கைக்குத் தேவாங்கும் வல்லூறும் காவல் நின்றன என்றே நான் எண்ணிக்கொள்கிறேன்.

அவ்வளவு பெரிய குன்றும் அரிய பறவையும் நம் ஊரில் இல்லை. வேண்டவும் வேண்டா. என் பேத்தியும் நானும் ஒரு நாற்பது பக்க நோட்டில் தொடங்கினோம். நாள், நேரம், இடம், கண்ட உயிர், எத்தனை, அது என்ன செய்துகொண்டிருந்தது, இவ்வளவே எழுதுகிறோம். இடம் என்பது நம் வீட்டுக் கொல்லை, தெருக்கோடிப் புளியமரம், ஆலயத்துக் கிணற்றடி. முதல் மாதத்தில் எருக்கஞ்செடி ஒன்றிலேயே நான்கு பக்கம் நிறைந்துவிட்டது. அதன் இலையை மஞ்சளும் கறுப்பும் கலந்த வரிகளுடைய புழு ஒன்று தின்றுகொண்டிருந்தது, பசுங்கூடாகத் தொங்கியது, பின்னர் வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சியாகப் பறந்தது. எருக்கு என்றால் வெட்டி எறிய வேண்டிய களை என்றிருந்த எனக்கு, அது ஒரு குடும்பத்தின் சமையற்கட்டு என்று அப்போதுதான் தெரிந்தது.

கறிவேப்பிலைச் செடியில் பெரும் பூசலே வந்தது. அதில் புழு விழுந்தது. சிறியதாயிருக்கையில் பறவை எச்சம் போலவும், பின்னர் இலைப்பச்சையாகவும் இருக்கும். என் மருமகள் வழக்கம்போல் மருந்து தெளிக்க எடுத்தாள். கறிவேப்பிலை அழகி என்னும் கருநிற வண்ணத்துப்பூச்சியின் பிள்ளை அது என்று பேத்தி வழிமறித்தாள். இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. குழம்புக்கு இலை வேண்டும் அல்லவா? முடிவில் இன்னொரு கன்று கொல்லைக் கோடியில் நடப்பட்டது. புழுக்கள் கண்ட கொம்பை ஒடித்து அங்கே வைத்து, அவை தாமே ஏறிக்கொள்ள விட்டோம். எல்லாம் பிழைத்தன என்று சொல்ல மாட்டேன். சிலவற்றைத் தையல்சிட்டு கொத்திச் சென்றது. அதையும் எழுதினோம்.

எழுதுவதில் இரண்டு ஒழுங்குகளைக் கடைப்பிடிக்கிறோம். ஒன்று, எதையும் பிடிப்பதில்லை. சிறகில் ஊசி குத்தி அட்டையில் பதிப்பதும், கூட்டைக் கலைத்து முட்டையை எண்ணுவதும், செடியை வேரோடு பிடுங்கிப் புத்தகத்தில் அழுத்துவதும் நம் வழியல்ல. கண்ணும் காகிதமும் போதும். கைப்பேசி வைத்திருப்போர் தள்ளி நின்று படம் எடுக்கலாம். மற்றொன்று, பெயர் தெரியாததற்குத் தெரிந்தாற்போல் பெயர் எழுதுவதில்லை. பொய்யான எழுத்தாகிய கூடலேகக் கிரியை சத்திய அணுவிரதத்துக்கு அதிசாரம் என்று படித்திருக்கிறோம்; குருவியின் பெயராயினும் பொய் பொய்தானே! பெயர் தெரியாவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விட்டு, நிறத்தையும் அளவையும் குரலையும் மட்டும் எழுதுகிறோம்.

வெறுமையான இடங்களை நிரப்பியவர்கள் பெரும்பாலும் நம் பாட்டிமார்கள். துத்தி, நாயுருவி, மூக்கிரட்டை, முடக்கற்றான் என்று எண்பது வயது மூதாட்டி ஒருவர் திண்ணையில் அமர்ந்தபடியே இருபது பெயர்களைச் சொன்னார். அவருடைய பேரன் கணிப்பொறியில் பட்டம் பெற்றவன். அவனுக்கு அவற்றில் தும்பை மட்டுமே தெரியும். இருவரும் சேர்ந்து அமர்ந்து பேசி நான் கண்டது அன்றுதான்.

ஓர் அன்பர் என்னிடம் தக்க வினா ஒன்றை எழுப்பினார். 'பறவையையும் பூவையும் பார்த்து மகிழ்வது பற்று அல்லவா? பற்று வினைக்கு வித்தல்லவா? ஆன்மாவை நோக்க வேண்டிய நேரத்தில் அணிலை நோக்குவானேன்?' என்றார். எளிதில் தள்ளத்தக்க வினா அன்று. என் சிற்றறிவுக்கு எட்டியதைச் சொல்கிறேன். அறிதலும் காண்டலுமே உயிரின் இயல்பு. உபயோகமே உயிரின் இலக்கணம் என்று நூல் கூறுகிறது. அறிவது பிழையன்று, 'இது என்னுடையது, இது எனக்கு வேண்டும்' என்பதே பிழை. கிளியைக் கூண்டில் அடைத்து அதன் மழலையைக் கேட்டு மகிழ்பவன் பற்றில் இருக்கிறான். அது பந்தம் என்னும் அதிசாரம், 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமுங்கூட. வேப்பங்கிளையில் கிளி வந்து அமர்ந்தது, பழம் தின்றது, போயிற்று என்று எழுதிவிட்டு நோட்டை மூடுபவனுக்கு அதில் என்ன சொந்தம்? வந்ததைக் கண்டான், போனதைக் கண்டான். சாமாயிகத்தில் அரைமணி நேரம் அமர முடியாமல் நெளியும் எனக்கு, தூக்கணாங்குருவி கூடு முடைவதைக் காண முக்கால் மணி நேரம் அசையாமல் இருக்க முடிந்தது. அதனைத் தியானம் என்று உயர்த்திச் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனால் அசையாமல் இருந்தேன்.

நம்மில் பெரும்பாலோர் உழவர்கள். உழவில் நேரும் இம்சை இல்லறத்தார்க்கு முற்றும் விலக்க இயலாதது. அதனை முனிவர்களும் அறிவர். எனினும் எந்த வரப்பில் எந்தப் பறவை எந்த மாதத்தில் முட்டையிடுகிறது என்று தெரிந்தவன், அந்த முழ நிலத்தைப் பத்து நாள் கழித்து உழுகிறான். தெரியாதவன் இன்றே உழுதுவிடுகிறான். இருவருக்கும் விளைச்சல் ஒன்றே. மயில் கதிரைக் கொத்துகிறது என்று குறைபடும் அன்பர்களின் இடரையும் நான் அறிவேன். அதற்கு எளிய விடை என்னிடம் இல்லை. அதையும் எழுதி வையுங்கள், எந்த வயலில், எந்நாளில், எத்தனை என்று.

பொங்கலை ஒட்டிய நாட்களில் தமிழகமெங்கும் பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று கண்டவற்றை எண்ணிப் பதிவு செய்தால் போதும். நம் பிள்ளைகள் ஆலய வாயிலில் நின்று அதில் பங்கேற்கலாம். காகமும் மைனாவும் கரிச்சானும்தானே என்று தயங்க வேண்டா. பாறும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது.

இவ்வாண்டு மகாவீரர் ஜெயந்திக்கு மூன்று வாரம் முன்பே கிணற்றடியில் ஆள்காட்டி ஒன்று மண்ணைக் கீறுவதைப் பேத்தி நோட்டில் எழுதிவிட்டாள். பந்தல் வடபுறம் மாற்றப்பட்டது. அங்கே நிழல் இல்லை, வெயில் கடுமை, பெரியவர்கள் பலர் என்னை நொந்துகொண்டனர், அவர்கள் பொறுத்தருள வேண்டும். விழா நாளிலும் அப்பறவை கத்திற்று, ஒலிபெருக்கியையும் மீறி. நான்கு முட்டைகளில் மூன்று குஞ்சாயின. நான்காவது என்னவாயிற்று என்று தெரியவில்லை. தெரியவில்லை என்றே எழுதியிருக்கிறோம்.

அந்த நோட்டு இப்போது ஆலயத்து சாத்திர அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது. பென்சிலும் நூலில் கட்டித் தொங்குகிறது. தரிசனம் முடித்து வருவோர் எவரும் எழுதலாம். சென்ற வாரம் பெய்த மழைக்குப் பின் கிணற்றின் கீழைச் சுவரில் சிறு வெண்பூக்களோடு ஒரு கொடி ஏறியிருக்கிறது. இலை முக்கூறாகப் பிரிந்திருக்கிறது, நாற்றம் இல்லை. பெயர் எழுதும் இடம் இன்னும் வெறுமையாகவே உள்ளது. தெரிந்த தாய்மார்கள் போகும்போது ஒரு முறை பார்த்துச் சொல்லுங்கள், பறிக்காமல் பாருங்கள்.